சயன் சிக்னலில் என் கல்யாணம்

என் கல்யாணத்தை நான் தினமும் இரண்டு முறை கேட்கிறேன். காலையில் மும்பை செம்பூரிலிருந்து மாட்டுங்கா போகும்போது ஒரு முறை, மாலையில் திரும்பும்போது ஒரு முறை. நாதஸ்வரம், மேளம், சமையல்காரரின் அதட்டல், யாரோ ஒரு குழந்தையின் அழுகை, கடைசியில் ஒரு காப்பிச் சண்டை. மொத்தம் முப்பது நிமிடம். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். கல்யாணத்தன்றுகூட நான் இதை இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

இது என் மகளுக்காக. அவளுக்கு இருபத்துநான்கு வயது. அவள் நிலைக்கு டாக்டர்கள் ஒரு பெயர் சொல்கிறார்கள். அந்தப் பெயரைச் சொன்னதும் கேட்பவர்களின் முகம் ஒரு மாதிரி ஆகிவிடுகிறது, அதனால் இங்கே எழுதப்போவதில்லை. அவள் அதிகம் பேசமாட்டாள். எதிர்பாராத சத்தம் அவளுக்கு ஆகாது. மாட்டுங்காவில் அவளைப் போன்றவர்களுக்கு ஒரு பயிற்சி மையம் இருக்கிறது. காகிதப் பை ஒட்டுவார்கள், மெழுகுவர்த்தி ஊற்றுவார்கள், மதியம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அங்கே இடம் கிடைக்க மூன்று வருடம் காத்திருந்தோம். போன மழைக்காலத்தில் ஒரு நாள் வழியில் எதற்கோ மிரண்டவள், போய்ச் சேர்ந்த பிறகும் அடங்காமல், பக்கத்தில் நின்ற பெண்ணைப் பிடித்துத் தள்ளிவிட்டாள். சில வாரம் கழித்து இன்னொரு முறை. மையத்தின் தலைவி என்னை உட்காரவைத்து, நல்ல விதமாகத்தான் சொன்னார். மறுபடி இப்படி ஆனால் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வதைப் பற்றி யோசிக்கவேண்டியிருக்கும் என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்து காரில் உட்கார்ந்தேன். வீடு என்றால் பகல் முழுவதும் இரண்டு அறை, அவள், நான். அப்புறம் எனக்குப் பிறகு யார்?

ஆகவே அவள் அமைதியாக மாட்டுங்கா போய்ச் சேரவேண்டும். என் காலை நேரம் முழுவதும் இந்த ஒரு வேலைக்குத்தான்.

அவளை அமைதிப்படுத்தும் ஒரே பொருள் என் கல்யாண கேசட். என் சித்தப்பா பையன் அப்போது புதிதாக வாங்கியிருந்த டேப் ரிகார்டரைக் கல்யாண மண்டபத்தில், எங்கே வைக்கலாம் என்று யோசிக்காமல், சமையல்கட்டு ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டான். மந்திரம் ஒன்றும் விழவில்லை. விழுந்ததெல்லாம் சமையல்கட்டும் தூரத்து நாதஸ்வரமும்தான். மறுபக்கத்தில் என் மைத்துனர் பின்னாளில் கிரிக்கெட் வர்ணனை பதிந்துவிட்டார். மிச்சமிருந்த ஒரு பக்கத்தை மகள் எட்டு வயதில் கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து அதுதான். நல்ல பாட்டாக எத்தனையோ வைத்துப் பார்த்தாயிற்று. அவளுக்கு வேண்டியது "இலை போட்டாச்சா, இலை போட்டாச்சா" என்று கத்தும் அந்தச் சமையல்காரர்தான்.

கேசட் தேய்ந்துபோனபோது ஒரு கடையில் கொடுத்து அதைப் போனில் ஏற்றிக்கொண்டோம். சிக்கல் அங்கேதான் தொடங்கியது. எங்கள் கார் பழையது, அதில் ரேடியோ தவிர வேறு எதுவும் வேலை செய்யாது. விற்றுவிடலாம் என்று நான் சொல்லும்போதெல்லாம் என் கணவர் இன்ஜின் நன்றாக இருக்கிறது என்பார், ஏதோ நான் இன்ஜினைக் குறை சொன்னதுபோல. போன் ஸ்பீக்கரில் வைத்தால் மகளுக்குப் பிடிக்காது. காதில் எதையும் மாட்ட விடமாட்டாள். சத்தம் கார்க் கதவிலிருந்து வரவேண்டும். கதவில் இருக்கும் ஸ்பீக்கர் வலையின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு, அந்த அதிர்வோடு சேர்த்துத்தான் கேட்பாள்.

அதற்காகக் கணவர் வாங்கிவந்தது ஒரு எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர். கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரியது. சிகரெட் பற்றவைக்கும் ஓட்டையில் செருகவேண்டும். போனில் ஓடுவதை அது வாங்கி ஒரு குட்டி ரேடியோ நிலையம் மாதிரி ஒலிபரப்பும், கார் ரேடியோவை அதே எண்ணில் வைத்தால் கதவிலிருந்து கேட்கும். எங்கள் எண் எண்பத்தெட்டு புள்ளி மூன்று. முதல் நாள் அந்த எண்ணில்தான் கேட்டது, அதனால் மகளைப் பொறுத்தவரை உலகத்தில் வேறு எண் கிடையாது. ரேடியோவின் சின்னத் திரையில் அது தெரியவேண்டும். புள்ளி நான்கு என்று மாறினால் என் கையைத் தட்டிவிடுவாள்.

கொஞ்ச நாள் நிம்மதியாகப் போயிற்று. பிறகு வழியில் இருக்கும் சயனில் தொந்தரவு ஆரம்பித்தது. தினமும் இல்லை, வாரத்தில் இரண்டு மூன்று நாள், சயன் சிக்னலை நெருங்கும்போது என் கல்யாணத்தின் நடுவில் கரகரவென்று ஏதோ ஒரு ஹிந்திப் பாட்டு புகுந்துவிடும். ஐந்து விநாடி, பத்து விநாடி. மகள் கதவை அடிப்பாள், "ம்ம்ம்" என்று ஒரு சத்தம் அடிவயிற்றிலிருந்து கிளம்பும், அது அலறலாக மாறுவதற்குள் பாட்டு போய்விடும். நான் இஷ்ட தெய்வங்களை வரிசையாகக் கூப்பிட்டபடி ஓட்டுவேன்.

மாலையில் கணவரிடம் முறையிட்டால், எண்ணை மாற்றிப் பாரேன் என்பார். மாற்றமுடியாது என்று விளக்குவேன். அடுத்த நாள் மறுபடி, எண்ணை மாற்றிப் பாரேன். டிரான்ஸ்மிட்டரில்தான் கோளாறு என்று நான் சண்டை போட்டு இரண்டாவது ஒன்று வந்தது, பிறகு மூன்றாவது. மூன்றும் சயனில் ஒரே மாதிரி நடந்துகொண்டன. பக்கத்தில் வரும் வேறு எந்த வண்டியிலாவது இதே எண்ணில் இன்னொரு டிரான்ஸ்மிட்டர் இருக்கலாம் என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. நாங்கள் இரண்டு பேரும் பட்டதாரிகள்.

அன்று காலை சயனில் வழக்கத்தைவிட நெரிசல். நான் வலது பக்க வரிசையில் நின்றிருந்தேன். காப்பிச் சண்டை ஆரம்பித்திருந்தது. அந்தச் சண்டை என்னவென்றால், என் கணவரின் அத்தைக்கு வந்த காப்பி ஆறிப்போயிருந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு ஆறின காப்பியா என்று அந்த அம்மாள் சமையல்கட்டு வாசலில் வந்து நின்று, நாதஸ்வரத்தைவிட உரக்கக் கேட்கிறார். என் அப்பாவின் குரல் பதில் சொல்கிறது. அப்பா போய்ப் பத்து வருடம் ஆகிறது. தினமும் காலையில் சயனில் அவர் ஓர் அம்மாளிடம் மன்னிப்புக் கேட்கிறார், நான் கியர் மாற்றிக்கொண்டே கேட்கிறேன்.

அந்த இடத்தில்தான் ஹிந்திப் பாட்டு வந்தது. இந்த முறை பத்து விநாடியில் போகவில்லை. ஒரு முழுச் சரணம் ஓடிற்று. மகள் கதவை அடித்தாள், தலையைக் கண்ணாடியில் மோதினாள். நான் ரேடியோவை அணைத்தேன். அது பெரிய தப்பு. திரை இருண்டதும் எண்ணும் மறைந்தது. உடனே மறுபடி போட்டேன், மறுபடி பாட்டு. அடுத்த கணம் அவள் பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கதவைத் திறந்து இறங்கிவிட்டாள்.

பின்கதவுகளுக்கு, உள்ளிருந்து திறக்கமுடியாதபடி, குழந்தைப் பூட்டு உண்டு. முன்கதவுக்குக் கிடையாது. பின்சீட்டில் உட்கார் என்று எத்தனையோ வருடம் கெஞ்சியிருக்கிறேன்.

நான் என் பெல்ட்டிலிருந்து விடுபட்டு இறங்குவதற்குள் அவள் இரண்டு வண்டி தள்ளிப் போயிருந்தாள். இடுக்கெல்லாம் ஆட்டோவும் மோட்டார் சைக்கிளும். அவளுடைய பச்சைத் துப்பட்டா ஒரு டெம்போவுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் தெரிந்தது. கூப்பிட்டேன். அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள் என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் கூப்பிட்டேன். அந்த பஸ் அரை அடி நகர்ந்தது. அந்த அரை அடியை இப்போது எழுதும்போதும் என் கால் பிரேக்கைத் தேடுகிறது.

அப்போது நடுத்தெருவில் என் அப்பா பேசினார். "கோவிச்சுக்காதீங்கோ, இதோ இப்பவே சூடா போடச் சொல்றேன்" என்று, தெளிவாக, எனக்கு இடது பக்கத்தில் இரண்டு வண்டி தூரத்திலிருந்து.

எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தேன். குரல் வந்தது ஒரு கறுப்பு மஞ்சள் டாக்சியிலிருந்து. அதன் நான்கு கண்ணாடிகளும் இறங்கியிருந்தன. மகளும் கேட்டாள். நின்றாள். தலையைச் சாய்த்தாள். பிறகு தன் வீட்டுக் கதவைத் திறப்பதுபோல அந்த டாக்சியின் பின்கதவைத் திறந்து உள்ளே ஏறி, கதவைச் சாத்திக்கொண்டாள். சிக்னலில் பச்சை விழுந்தது.

நான் ஓடிவந்து காரில் ஏறினேன். அவள் திறந்துவிட்டுப் போன கதவைச் சாய்ந்து இழுத்துச் சாத்தினேன். பின்னாலிருந்து எல்லோரும் ஹாரனில் கையை வைத்துவிட்டு எடுக்கவே இல்லை. ஒரு மோட்டார் சைக்கிள்காரர் பக்கத்தில் வந்து என் குடும்பத்தைப் பற்றி மராட்டியில் விசாரித்துவிட்டுப் போனார். டாக்சி முன்னால் போய்க்கொண்டிருந்தது, உள்ளே என் மகள். அந்த வண்டியின் எண்ணைப் படிக்க முயன்றேன். நான்கு எழுத்துக்கு மேல் மனதில் நிற்கவில்லை.

ஆனால் டாக்சி வேகமெடுக்கவில்லை. ஓட்டுநர் தலையைத் திருப்பிப் பின்சீட்டைப் பார்ப்பதும் முன்னால் பார்ப்பதுமாக இருந்தார். நிறுத்தலாம் என்றால் போலீஸ்காரர் நிற்காதே, போ போ என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் அவருக்கு வலது பக்கமாகப் போய் ஒட்டினேன். இடது கண்ணாடியை இறக்கினேன். ஐம்பது வயதிருக்கும் அவருக்கு, நரைத்த மீசை, நெற்றியில் திருநீறு. ஹிந்தியில் ஏதோ கேட்க ஆரம்பித்தவர், என் காரிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு நிறுத்தினார். அவர் வண்டியில் அப்பா, என் வண்டியிலும் அப்பா.

"இந்தக் கல்யாணம் ஒங்க கார்ல இருந்தா வருது?" என்றார்.

"அவ என் பொண்ணு. அவகிட்ட எதுவும் பேசாதீங்கோ. ரேடியோவ மட்டும் அணைச்சுடாதீங்கோ."

"பிள்ள தானா வந்து ஏறிட்டும்மா. நான் ஒண்ணும் பேசல."

மகள் பின்சீட்டில் திரும்பி மண்டியிட்டிருந்தாள். டாக்சியில் பின்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பலகையில் இரண்டு பெரிய ஸ்பீக்கர் இருந்தன. இரண்டின் மேலும் ஒவ்வோர் உள்ளங்கையை வைத்திருந்தாள். முகம் எனக்குத் தெரிந்த அந்த முகம், கேசட்டில் நன்றாக மூழ்கியிருக்கும்போது வருவது.

சரி, அடுத்த ஓரத்தில் நிறுத்தி அழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தபோது ஓர் ஆட்டோ எங்களுக்கு நடுவில் புகுந்தது. டாக்சி கொஞ்சம் முந்திற்று. அங்கிருந்து அப்பாவின் குரல் இற்றுப்போய் இரைச்சல் கேட்டது, உடனே மகளின் "ம்ம்ம்". டாக்சிக்காரர் பிரேக் போட்டார். நான் ஆட்டோவை நெருக்கித் தள்ளிவிட்டுப் பக்கத்தில் போனதும் கல்யாணம் திரும்பி வந்தது.

"ஒட்டியே வாங்கம்மா" என்றார் அவர். "நீங்க தள்ளிப்போனா கல்யாணம் அறுந்துபோவுது. எங்க போணும்?"

மாட்டுங்கா என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

போனையே அவரிடம் கொடுத்திருக்கலாமே என்று கணவர் சாயங்காலம் கேட்டார். எல்லோருக்கும் சாயங்காலத்தில் நன்றாக யோசனை வருகிறது. போனை எடுத்தால் சத்தம் நிற்கும். சத்தம் நின்றால் அவள் டாக்சியிலிருந்தும் இறங்குவாள், ஓடும் வண்டியா நிற்கும் வண்டியா என்று பார்க்கமாட்டாள். ஆகவே சயனிலிருந்து மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிள் வரை நாங்கள் இரண்டு வண்டியும் தோளோடு தோள் உரசிக்கொண்டு, நடக்கிற வேகத்தில், முழுச் சாலையையும் அடைத்துக்கொண்டு போனோம். அலுவலக நேரம். பின்னால் ஒரு பஸ், அதன் பின்னால் பாதி மும்பை. அவர்கள் கொடுத்த ஹாரனை நான் என் ஆயுளில் இன்னொரு முறை கேட்கவேண்டியதில்லை. ஆச்சரியம், அவள் அந்த ஹாரனை லட்சியமே செய்யவில்லை. உள்ளங்கைக்குக் கீழே நாதஸ்வரம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருந்தது.

வழியில் ஒரு டிராஃபிக் போலீஸ்காரர் விசிலை ஊதிக்கொண்டு குறுக்கே வந்தார். என்னைப் பார்த்தார். டாக்சிக்காரர் தலையை நீட்டி, "ஷாதி ஹை, ஸாப்" என்றார். கல்யாணம், ஐயா. போலீஸ்காரர் குனிந்து கேட்டார். இரண்டு வண்டியிலும் கெட்டிமேளம். அவர் பின்சீட்டில் இருக்கும் பெண்ணைப் பார்த்தார், அழுது வீங்கியிருந்த என் முகத்தைப் பார்த்தார், மணப்பெண்ணின் அம்மா என்று தீர்மானித்திருக்கவேண்டும், பின்னால் வந்த பஸ்ஸை நிறுத்தி எங்களுக்கு வழிவிட்டார்.

மையம் இருக்கும் சந்தில் இரண்டு வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினோம். கேசட் முடியாமல் அவள் இறங்கமாட்டாள், இன்னும் பாதி பாக்கி. டாக்சிக்காரர் இறங்கி என் ஜன்னலுக்கு வந்து ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டினார். ஒரே மூச்சில் பாதியைக் குடித்தேன்.

அவர் தாராவியில் இருக்கிறார், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஹிந்திப் பாட்டு அவருடையதுதான். அவரிடமும் ஒரு டிரான்ஸ்மிட்டர், தாராவியில் யாரோ உள்ளே ஏதோ மாற்றி வயர் நீட்டிக் கொடுத்தது, எங்களுடையதைவிட வலுவானது. எண்பத்தெட்டு புள்ளி மூன்று. ஒரு மாதத்துக்கு முன் சயனில் அதைப் பிடுங்கி வைத்திருந்த நேரத்தில் ரேடியோவில் தானாக ஒரு கல்யாணம் கேட்டிருக்கிறது.

"சயன்ல மட்டும் ஒரு தமிழ் ஸ்டேசன் எடுக்குதுன்னு வீட்ல சொன்னேன். அவ நம்பல. காலைலயே குடிச்சிட்டியான்னு கேட்டா" என்றார்.

அதிலிருந்து சயன் வந்தாலே தன்னுடையதைப் பிடுங்கிவிட்டு இதற்காகக் காத்திருப்பாராம். அதனால்தான் மற்ற நாட்களில் பாட்டு பத்து விநாடியில் போயிருக்கிறது. அன்று வண்டியில் சவாரி இருந்தது, அந்த ஆளுக்குப் பாட்டு வேண்டியிருந்தது. நெரிசலில் பொறுமை இழந்து அந்த ஆள் இறங்கி நடந்துவிட்டார். இவர் உடனே பிடுங்கினார். அப்பா பேசினார். இவ்வளவுதான். அந்தச் சவாரி இன்னும் ஒரு நிமிடம் பொறுமையாக உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் யோசிக்காமலிருக்க முயல்கிறேன். முடியவில்லை.

எண்ணை மாற்றிக்கொள்ளமுடியுமா என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்லவேண்டும்.

"இன்னைக்கே மாத்திருதேன்" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார். "அந்தக் காப்பிச் சண்ட வருதுல்லா. அது முடியறதுக்குள்ள சிக்னல் விழுந்துருது. கடைசில என்னாச்சும்மா?"

முடிவு கேசட்டிலும் கிடையாது. அப்பா அதையே இரண்டு மூன்று முறை சொல்வார், கடைசி "இதோ"வோடு டேப் தீர்ந்துவிடும். என்ன நடந்தது என்று பிறகு என் சித்திதான் சொன்னாள். என் கணவரிடம்கூட அதை நான் சொன்னதில்லை, அவருடைய அத்தையாயிற்றே. அந்தச் சந்தில், முன்பின் தெரியாத ஒரு மனிதரிடம் சொன்னேன்.

"எங்கப்பா சமையல்காரர நகரச் சொல்லிட்டு தானே போட்டு எடுத்துண்டு போனார். ஒரு வாய் குடிச்சுட்டு சர்க்கரை போறலேன்னு திருப்பி அனுப்பிச்சா. மறுபடி போட்டுக் கொண்டுபோனார். அவா குடிச்சு முடிக்கிற வரைக்கும் டம்ளர வாங்கிக்கறதுக்கு பக்கத்துலயே நின்னார்."

"குடிச்சாவளா?"

"குடிச்சா."

"அப்ப சரி" என்றார் அவர், ஒரு பெரிய பாரம் இறங்கியதுபோல.

எனக்கு அது இருபத்தேழு வருடமாகச் சரியாகவில்லை. ஆனால் அந்த நேரத்தில் அவரோடு வாதாடத் தெம்பில்லை.

கேசட் முடிந்தது. மகள் கதவைத் திறந்து இறங்கி, எங்கள் இருவரையும் பார்க்காமல், துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு மையத்துக்குள் நடந்துபோனாள். யாரையும் தள்ளவில்லை. நாள் முழுவதும் பை ஒட்டினாள். மாலையில் அவளுடைய நோட்டுப் புத்தகத்தில் ஆசிரியை எழுதியிருந்தார்: இன்று மிகவும் அமைதியாக வந்து சேர்ந்தாள், இதையே தொடருங்கள். நான் அந்த வரியைக் காரில் உட்கார்ந்து மூன்று தரம் படித்தேன். இதையே தொடரவேண்டுமாம்.

மறுநாள் காலை அவள் முன்சீட்டில் ஏற மறுத்தாள். பின்கதவைத் திறந்து, பின்கண்ணாடிக்குக் கீழே இருந்த வெறும் பலகையில் இரண்டு கைகளையும் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அங்கே ஸ்பீக்கர் இல்லை. இரண்டு நாள் மையத்துக்குப் போகமுடியவில்லை. கணவர், முன்கதவில் இருக்கும் ஸ்பீக்கருக்கு என்ன குறை என்று அவளிடம் வாதாடிப் பார்த்தார், இன்ஜினைப் பற்றி என்னிடம் வாதாடுவதுபோல. கடைசியில், அன்று போன் நம்பர் கொடுத்திருந்த டாக்சிக்காரர்தான் தாராவியில் ஒரு கடையைக் காட்டி, அவர் வண்டியில் இருப்பது மாதிரியே இரண்டு ஸ்பீக்கரைப் பொருத்திக் கொடுக்கச் சொன்னார். அவருடைய டிரான்ஸ்மிட்டர் இப்போது எண்பத்தொன்பதில் இருக்கிறது.

இப்போது அவள் பின்சீட்டில், குழந்தைப் பூட்டுக்குள். சயனில் ஹிந்திப் பாட்டு வருவதில்லை. ஆனாலும் சிக்னலில் நின்றதும் என் கை தானாகப் பின்னால் போய் அந்தக் கதவை ஒரு முறை இழுத்துப் பார்க்கிறது, மறுபடி ஒரு முறை. அப்பா இப்போது என் முதுகுக்குப் பின்னாலிருந்து பேசுகிறார். இதோ இப்பவே என்கிறார். டேப் தீர்கிறது. அதற்குள் பின்னால் நிற்பவன் ஹாரன் அடிக்கிறான்.